தொட்டியில் நிலச்சம்பங்கி வளர்த்தல்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெல்லை வாழ்விக்கும் களிமண்ணும் தேங்கிய நீருமே பூங்கிழங்குகளுக்குச் சத்துருக்களாகும். இதனை உணராது வயலோரத்தில் ஊன்றப்படும் சம்பங்கிக் கிழங்குகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அழுகிப்போவதுண்டு. ஆகையால் கிழங்கிற்குப் பெரும்பணம் செலவிடுமுன், நான்கைந்து தொட்டிகளில் வைத்து வீட்டு முற்றத்தில் வளர்த்துப் பழகுதல் சிலாக்கியம்.

ஏற்ற கிழங்கு: குளிர்தேசத்து டுலிப் கிழங்கு பல வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றிச் செவ்வையாகப் பூக்காது. ஸ்ரீநகரிலுள்ள டுலிப் தோட்டம் செழிப்பதற்கு அவ்விடத்துப் பனிக்காலமே முக்கிய காரணம். மெக்சிகோ தேசத்திலிருந்து வந்த நிலச்சம்பங்கிக்கோ இத்தகைய குளிர் வேண்டுவதில்லை. இதில் ஒற்றையடுக்கு, இரட்டையடுக்கு என இரு வகைகள் உண்டு. மாலைக்கும் மணத்திற்கும் ஒற்றையடுக்கே ஏற்றது. பெங்களூர் ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரஜ்வல் என்பதும் ஒற்றையடுக்கு இனமே. கிழங்கு 25 முதல் 30 கிராம் எடையுடன், அமுக்கினால் குழையாததாக இருத்தல் வேண்டும். சிறு கிழங்கு முதலாண்டில் இலையை மட்டும் விடக்கூடும்.

மண் கலவை: 10 அங்குல வாயுள்ள மண்தொட்டியின் அடித்துளைமேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்புக. வயல் வண்டலை மட்டும் இட்டால் நீர் வடியாது. வல்லம் பக்கத்துச் செம்மண் போன்ற இளகிய மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு சேர்த்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்திடுக. கத்தரி, வெண்டை பயிரிட்ட பாத்தியின் மண்ணை விலக்குக. வேரைத் தாக்கும் நூற்புழு அதில் தங்கியிருக்கலாம்.

நடவும் நீரும்: ஆனி மாதத்தில், தொட்டிக்கு மூன்று கிழங்குகளை ஓரங்குல ஆழத்தில், முனை மேல்நோக்க ஊன்றுக. முளை காணும்வரை மண் ஈரம் காத்தால் போதும். பின்னர் விரல்நுனி ஆழத்திற்கு மண் காய்ந்தபோது மட்டும் நீர் விடுக. நெல்லுக்கு நீர் கட்டும் பழக்கத்தை இங்கே முற்றிலும் மறத்தல் வேண்டும். தொட்டியின்கீழ் தட்டு வைத்து நீரைத் தேக்குதலும் கூடாது.

வெயில்: நாளில் பாதிப்பொழுதேனும் வெயில் படும் முற்றமே தக்க இடம். இருண்ட கூடத்தில் இலை நீளுமேயன்றிப் பூந்தண்டு எழாது. ஏறக்குறைய மூன்று மாதங்களில், புரட்டாசியை ஒட்டி, தண்டு தோன்றும். அடிமொட்டு விரியத் தொடங்கியபின் தொட்டியைக் கூடத்திற்குள் கொண்டுவரலாம். இரவில் மணம் மிகும். அடைமழை நாட்களில் தொட்டிகளைத் தாழ்வாரத்தில் ஒதுக்கிவைத்தல் இன்றியமையாதது.

மறு வருஷத்திற்கு: ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மீண்டும் பூப்பதில்லை, சுற்றியுள்ள பக்கக் கிழங்குகளே அடுத்த விதை. இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, கிழங்குகளைப் பிரித்தெடுத்து, நிழலில் ஒரு மாதம் உலர்த்துக. பெரியவற்றைத் தொட்டிக்கும், சிறியவற்றை மேட்டுப்பாத்தியில் பருக்க வைப்பதற்கும் ஒதுக்கலாம். ஓர் ஆண்டு இவ்வாறு கண்காணித்தவர், தம் நிலத்தில் எந்த மேட்டில் எவ்வளவு வடிகால் வெட்டினால் சம்பங்கி நிலைக்கும் என்பதை வீண்செலவின்றி அறிந்துகொள்வர்.