அகலப் பட்டியலை நீளப் பட்டியலாக்குதல்

சங்கக் கூலிப் பட்டியலில் நெசவாளர் பெயர் இடப்புறமும், பன்னிரண்டு மாதங்கள் மேல்வரிசையிலும், ஆண்டு மொத்தம் கடைசியிலும் இருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இஃது அகலப் பட்டியல். கண்ணுக்கு எளிது, கணிப்பொறிக்கோ இடர்.

சேலம் வட்டாரத்தில் யான் பார்வையிட்ட சங்கமொன்றில், கூட்டல் வாய்பாட்டில் மார்ச்சு மாதப் பத்தி விடுபட்டிருந்தது. கூலியின் விழுக்காடாகக் கணக்கிட்ட போனஸ் அனைவருக்கும் குறைந்துபோயிற்று.

நீளப் பட்டியலில் மூன்றே பத்திகள்: அங்கத்தினர் எண், மாதம், கூலி. ஒருவருக்கு மாதத்திற்கு ஒரு வரி. நெசவாளர் 40 பேர் எனில் 480 வரிகள். புது மாதம் பிறந்தால் வரிகளே கூடும், வாய்பாடு மாறாது.

பைத்தான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் ‘மெல்ட்’, ஆர் மொழியில் ‘பிவட்_லாங்கர்’ என்னும் கட்டளைகள் இம்மாற்றத்தைச் செய்யும். நிலையாக நிற்பது எண் பத்தி, வரிகளாக மாறுபவை மாதப் பத்திகள் என்று குறித்தல் வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் இருவர் இருக்கலாம்.

மொத்தப் பத்தியை முன்னரே நீக்குக; இன்றேல் தொகை இரட்டிக்கும். வெற்றுக் கட்டத்தைச் சுழியாக்கற்க. வேலை இல்லையா, பதிவு இல்லையா என விசாரித்தறிக. மாற்றுமுன் இருந்த மொத்தமும் மாற்றியபின் வரும் மொத்தமும் ஒன்றாதல் வேண்டும். அவ்விரு தொகைகளையும் பொதுப்பேரவையில் கேட்டறிய அங்கத்தினர் எவரும் தயங்கலாகாது.