பேசாத சாட்சி

நுழையும்முன்

கொள்ளையனைத் தலைவனாகக் கொண்ட கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. கொடிய சட்டத்தை எதிர்ப்பவனாகவும் எளியோரைக் காப்பவனாகவும் அவன் வரும்போது வாசகர் அவன் பக்கம் நின்றுவிடுகின்றனர். அவனால் துன்புற்றவர்கள் கதையின் ஓரத்தில் மறைந்துபோகின்றனர். அவ்வாறு மறைந்த ஒருவனை மீண்டும் நம் கண்முன் நிறுத்தும் ஆங்கிலச் சாகச நாவல் ஒன்றை இப்பாடம் ஆராய்கிறது.

கதை நிகழும் களம்

இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் மாவட்டக் கடலோரத்தில் ரோம்னி சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. ஓத நீர் உள்ளே புகாதவாறு டிம்சர்ச் என்னும் ஊரின் கடற்சுவர் அந்நிலத்தைக் காக்கிறது. ஆடு மேய்ப்பதே அங்குள்ளோரின் பழந்தொழில். எதிர்க்கரையில் பிரான்சு நாடு உள்ளது. வாய்க்கால்களும் மூடுபனியும் நிறைந்த அந்நிலத்தில் வழியறியாத அயலார் இரவில் நடமாடுவது கடினம். இவையாவும் கள்ளக்கடத்தலுக்கு ஏற்ற சூழலாயின.

முதலில் கம்பளி மயிர் கடல்கடந்து சென்றது. அதன் ஏற்றுமதியை அரசு தடை செய்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலை ஆகியன மறைவாக உள்ளே வந்தன. தேயிலையின் மீதான வரி 1784ஆம் ஆண்டில் 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பொருளின் விலையைவிட அதன் வரி மிகுந்திருந்த காலத்தில், கடத்தல்காரரை ஊரார் குற்றவாளிகளாகக் கருதாததில் வியப்பில்லை.

நாவலின் கதை

ரசல் தார்ண்டைக் எழுதிய 'டாக்டர் சின்' என்னும் நாவல் 1915இல் வெளிவந்தது. கதை நிகழும் காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. டிம்சர்ச் தேவாலயத்தின் குருவானவர் கிறிஸ்டோபர் சின். 'டாக்டர்' என்பது இங்கு மருத்துவரைக் குறிக்கவில்லை; இறையியலில் அவர் பெற்ற பட்டத்தைக் குறிக்கிறது. ஊர் மக்களின் இன்பதுன்பங்களில் பங்குகொள்ளும் அவரை அனைவரும் மதிக்கின்றனர். இரவிலோ, பேய்வேடமிட்ட குதிரைவீரர்கள் சதுப்புநிலத்தில் விரைகின்றனர். பேய்க்கு அஞ்சி மக்கள் கதவடைக்கும் நேரத்தில் கடத்தற்பொருள்கள் கைமாறுகின்றன. அக்கூட்டத்தின் தலைவர் சின்தான்!

இதனினும் பெரிய மறைபொருள் ஒன்று உண்டு. கிளெக் என்னும் கொடிய கடற்கொள்ளையன் தூக்கிலிடப்பட்டதாகவும், அவன் உடல் டிம்சர்ச்சில் புதைக்கப்பட்டதாகவும் ஊர் நம்புகிறது. உண்மையில் கிளெக்கும் சின்னும் ஒருவரே. கல்லறைப் பணிகளைப் பார்க்கும் மிப்ஸ் என்பவரும் கிளெக்கின் பழைய தோழரே.

கடத்தலை ஒடுக்க, கேப்டன் காலியர் என்னும் கடற்படை அதிகாரி ஊருக்கு வருகிறார். அவருடன் கலப்பினத்தவன் ஒருவனும் வருகிறான். அவன் முன்பு கிளெக்கின் கப்பலில் இருந்தவன். தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்பதற்காக அவனுடைய நாக்கை அறுத்துப் பவழத்திட்டில் தனியே விட்டுச் சென்றவன் கிளெக். காலியரால் மீட்கப்பட்ட அவன், குருவானவரின் முகத்தைக் கண்டதும் பழைய கொள்ளையனை அடையாளம் கண்டுகொள்கிறான். அறிந்ததைச் சொல்ல அவனுக்கு நாக்கில்லை. ஆயினும் உண்மை வெளிப்படுகிறது. அன்பு கொண்ட இளையோர் இருவரின் வாழ்வு நலமுற வழிசெய்துவிட்டுத் தப்ப முயலும் சின், இறுதியில் அம்மனிதனின் கையாலேயே இறக்கிறார்.

இரு குற்றங்கள், இரு தீர்ப்புகள்

சின் புரிந்த குற்றங்கள் இருவகையின. ஒன்று, வரியை ஏய்த்த கடத்தல். அதற்கு ஊர் துணைநின்றது, வாசகரும் மன்னிக்கின்றனர். மற்றொன்று, ஓர் உயிரைச் சிதைத்த கொடுமை. டிம்சர்ச்சில் அவர் செய்த நற்பணிகள் பவழத்திட்டில் விடப்பட்டவனின் துயரை ஒருசிறிதும் குறைக்கவில்லை. பிறருக்குச் செய்த நன்மை, துன்புற்றவனுக்குத் தர வேண்டிய நீதிக்கு ஈடாகுமா என்பதே இந்நாவலின் மையவினா. 'ஆகாது' என்று விடையளிக்கிறது கதையின் முடிவு.

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். துன்புற்ற அம்மனிதனை, பேச்சிழந்து அச்சமூட்டும் உருவமாகவே நாவல் பெரிதும் காட்டுகிறது. அவன் உள்ளத்தில் ஓடிய எண்ணங்கள் நமக்குக் கிட்டுவதில்லை. வேற்றினத்தாரை அவ்வாறு காணும் வழக்கம் அக்கால ஐரோப்பிய சாகசக் கதைகளில் பரவலாக இருந்தது. கிளெக் அவன் நாவைப் பறித்தான். கதை சொன்ன முறையோ அவன் மனத்தை மூடிவைத்தது.

மாறிய தலைவன்

முதல் நாவலிலேயே சின் இறந்துவிட்டமையால் கதை அதற்குமேல் செல்ல இயலவில்லை. ஆகவே 1935 முதல் 1944 வரை தார்ண்டைக் எழுதிய மேலும் ஆறு நாவல்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்றன. மனைவியை நண்பன் கவர்ந்து சென்றதால் பழிதீர்க்கப் புறப்பட்ட அறிஞரே கொள்ளையரானார் என்று அவை காரணம் கூறின. வாசகரின் இரக்கம் மிகுந்தது.

திரைப்படங்கள் இன்னும் ஓரடி சென்றன. 1937ஆம் ஆண்டுப் படத்தில் சின் உயிருடன் தப்பிவிடுகிறார். 1962இல் வந்த படம் நாவிழந்தவனின் பழியை விடாமல் வைத்திருந்தது. 1963இல் டிஸ்னி நிறுவனம் உருவாக்கிய கதையிலோ கடற்கொள்ளை வாழ்வே இல்லை. சோளக்கொல்லைப் பொம்மையின் வேடமிட்டு ஏழைகளைக் காக்கும் குருவானவர் மட்டுமே எஞ்சினார். தலைவன் தூயவனாகியபோது, அவனுக்கு எதிராக நின்ற சாட்சி கதையிலிருந்தே நீங்கினான்.

ஒரு கதையைப் படிக்கும்போது தலைவனின் வீரத்தில் மகிழ்வது இயல்பு. அவ்வீரத்திற்கு விலை கொடுத்தவர் யார், அவருக்குப் பேச இடம் தரப்பட்டதா என்று வினவுவது திறனாய்வின் தொடக்கம்.

நூல்வெளி

ரசல் தார்ண்டைக் (1885–1972) நடிகர், எழுத்தாளர். தந்தை ராச்சஸ்டர் பேராலயத்தில் குருவாகப் பணியாற்றியவர். தமக்கை சிபில் தார்ண்டைக் புகழ்பெற்ற நாடக நடிகை. டிம்சர்ச்சில் இன்றும் சின்னின் பெயரால் விழா எடுக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. நாவிழந்த மனிதனே இக்கதையைச் சொல்வதாகக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'மக்களுக்கு நன்மை செய்பவரின் பழைய குற்றத்தை மறக்கலாம்' – வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. நீவிர் அறிந்த கதையொன்றில் பேச இடம் பெறாத பாத்திரத்தைத் தேர்ந்து, அதன் நிலையை விளக்குக.