செய்தவரைச் சொல்லாத வாக்கியம்

கேள்வி: ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றிப் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதினேன். அன்றாட ஆங்கிலத்தில் அது எங்கே பயன்படுகிறது?

பதில்: அந்த மாற்றும் பயிற்சிதான் நம்மைக் குழப்பிவிட்டது. 'எ மேங்கோ வாஸ் ஈட்டன் பை ராமா' என்று யாரும் பேசுவதில்லை. அன்றாட பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலும் 'பை' வராது. செய்தவர் தெரியாதபோது, அல்லது அவர் முக்கியமில்லாதபோது வருவதே பாசிவ். பைக் காணாமல் போனால் நாம் 'திருடிட்டாங்க' என்போம். அந்த 'ஆங்க' யாரென்று நமக்கே தெரியாது. அதே இடத்தில் ஆங்கிலேயர் இயல்பாகச் சொல்வது 'மை பைக் வாஸ் ஸ்டோலன்'. 'ஹீ வாஸ் அரெஸ்டட்' என்பதும் அப்படியே. கைது செய்தது போலீஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெருங்கியவர்களிடம் பேசும்போது 'வாஸ்' போய் 'காட்' வரும்: 'மை பைக் காட் ஸ்டோலன்'.

'ஐ வாஸ் பார்ன்' என்பதும் பாசிவ் வடிவம்தான். தமிழில் 'பிறந்தேன்' என்றே பழகியதால் நம்மில் பலர் அந்த 'வாஸ்' இல்லாமல் எழுதிவிடுகிறோம்.

பொறுப்பை மறைக்கவும் பாசிவ் உதவும் என்பதுதான் எனக்கு உறுத்தல். 1987-இல், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரம் பற்றிப் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், தவறுகள் 'செய்யப்பட்டன' என்ற பொருளில் 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.