மீன் தொட்டி ஹீட்டர்: பழுதாகும் என்று எண்ணியே வாங்குங்கள்

தொட்டிக்குள் கையை விட்டேன். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் போல இருந்தது. வெப்பமானி 36 டிகிரி காட்டியது. நான்கு இளம் டிஸ்கஸ் மீன்களும் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஹீட்டரின் திருகு 29-இல்தான் நின்றது. அதன் சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை. டிசம்பர் மழைக்குத் தண்ணீர் குளிர்ந்துவிடக் கூடாதே என்று 100 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டர் வாங்கிப் போட்டவன் நான். இரண்டு மீன்களைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அதன் பிறகு ஹீட்டர் வாங்கப் போகும் எவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். பழுதே ஆகாத ஹீட்டரைத் தேடி அலையாதீர்கள். இது பழுதாகும் நாளில் மீன் பிழைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில், ஹீட்டர் தேவையா?

நான் இருக்கும் ஜொகூரில், சாதாரண அறையில் இருக்கும் தொட்டி நீர் பெரும்பாலான நாள்களில் 26 முதல் 28 டிகிரிக்குள் தானாகவே நிற்கும். கப்பி, மோலி, சண்டை மீன், ஏஞ்சல் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னால் நிற்கும் மாநிலம் ஜொகூர். இங்குள்ள பண்ணைகளின் திறந்த குளங்களில் வளரும் மீன்கள் ஹீட்டரைப் பார்த்ததே இல்லை. இந்த மீன்கள் மட்டும் வளர்ப்பவர், தொட்டிக்கு நல்ல மூடி போட்டு, ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தி வைத்தாலே போதும்.

ஹீட்டர் தேவைப்படுவது சில இடங்களில்தான். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் தொட்டி இருந்தால் எந்த வெப்பமண்டல மீனுக்கும் வேண்டும். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவம் பார்க்கும்போது, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை விரைவுபடுத்தி மருந்து அதைப் பிடிக்க, நீரை 30 டிகிரி வரை மெல்ல உயர்த்துவார்கள். குஞ்சு வளர்ப்புக்கும் நிலையான சூடு வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையான வடகிழக்குப் பருவமழையில், விடாமல் பெய்யும் நாள்களின் விடியற்காலையில் வெளிக்காற்று 22, 23 டிகிரிக்கு இறங்கும்போதும் அது உதவும்.

ஹீட்டர் எப்படிக் கெடுகிறது?

வழக்கமான கண்ணாடிக் குழாய் ஹீட்டருக்குள் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. சூடு ஏறினால் தகடு வளைந்து மின்தொடர்பை விடும். ஆறினால் மீண்டும் தொடும். ஒவ்வொரு முறை தொட்டு விடும்போதும் சிறு பொறி பறக்கிறது. பல்லாயிரம் பொறிகளுக்குப் பிறகு தொடுமுனைகள் கருகித் தொடாமல் போகலாம், அல்லது ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளலாம்.

தொடாமல் போனால் ஹீட்டர் அணைந்தே கிடக்கும். ஜொகூரில் அதனால் நீர் மெல்லத்தான் ஆறும். கவனிக்க ஒரு நாளாவது கிடைக்கும். ஒட்டிக்கொண்டால் எரிந்துகொண்டே இருக்கும். இங்கே நீர் ஏற்கெனவே 27-இல் நிற்பதால், அபாய எல்லைக்கு இன்னும் ஏழெட்டு டிகிரிதான் பாக்கி. குளிர் நாட்டில் எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது கோளாறு நீர் கசிவு. மேல்மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் குழாய்க்குள் ஈரம் புகும். கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போலத் தெரிந்தால் அந்த ஹீட்டரைத் துடைத்துக் காயவைத்து மறுபடி போடாதீர்கள். அன்றே எறிந்துவிடுங்கள்.

பெயர்பெற்ற நிறுவனமும் விதிவிலக்கு அல்ல. 2011-இல் அமெரிக்காவில் மரீன்லேண்ட் ஸ்டெல்த் வகை ஹீட்டர்கள் சுமார் 12 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. உள்வயரிங் கோளாறால் அவை அளவுமீறிச் சூடேறலாம், உடையலாம், தீயும் பற்றலாம் என்பதே காரணம்.

நான்கு தெரிவுகள்

*மலிவான கண்ணாடி ஹீட்டர்:* எந்தக் கடையிலும் கிடைக்கும். திருகில் காட்டும் எண்ணுக்கும் உண்மையான சூட்டுக்கும் இரண்டு, மூன்று டிகிரி வேறுபடலாம். சூடாக இருக்கும்போது நீர்மட்டம் இறங்கினால் கண்ணாடி வெடிக்கலாம். நோய் மருத்துவத்துக்குச் சில நாள் போடலாம். இரவும் பகலும் நம்பி விடக் கூடாது.

*தரமான கண்ணாடி ஹீட்டர்:* ஏஹைம் யேகர் போன்றவை. 18 முதல் 34 டிகிரி வரை அமைக்கலாம். வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருகின் அளவைச் சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. நீருக்கு வெளியே வந்தால் தானே அணையும். ஆயினும் உள்ளே இருப்பது அதே பொறி பறக்கும் தொடர்புதான்.

*டைட்டானியம் ஹீட்டர்:* உடையாது, துருப்பிடிக்காது. அரோவானா போல வாலால் அடித்து நொறுக்கும் மீனுக்கு இதுவே ஏற்றது. பல வகைகளில் சூட்டை அளப்பது தனியே தொங்கும் ஓர் உணரி. அது நழுவி நீருக்கு வெளியே வந்துவிட்டால், அறைக் காற்றை அளந்து "இன்னும் குளிர்கிறது" என்று எண்ணி ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். உணரியை உறிஞ்சிப் பிடியை மட்டும் நம்பாமல் கட்டி வையுங்கள்.

*எந்த ஹீட்டரோடும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி:* இங்க்பேர்ட் போன்றவை. ஹீட்டரின் பிளக்கை இந்தக் கருவியில் செருக வேண்டும். டிஸ்கஸுக்குக் கருவியை 29-இலும் ஹீட்டரின் திருகை 30.5-இலும் வையுங்கள். கருவி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணைக்கும். ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் கருவி அணைக்கும். இரண்டும் ஒரே இரவில் கெடுவது அரிது.

எத்தனை வாட்?

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும். அப்படியானால், ஒட்டிக்கொண்ட 300 வாட் ஹீட்டர் 100 லிட்டர் நீரை முதலில் மணிக்கு 2.6 டிகிரி வீதம் சூடேற்றும். 50 வாட் ஹீட்டர் 0.4 டிகிரிதான் ஏற்றும். சூடு கூடக் கூடக் கண்ணாடி வழியாகவும் ஆவியாகவும் வெப்பம் வெளியேறுவதால், சிறிய ஹீட்டர் ஓர் அளவோடு நின்றும்விடும்.

லிட்டருக்கு 1 வாட் என்ற பழைய கணக்கைச் சாதாரண அறைக்குப் பிடிக்காதீர்கள். அரை வாட் போதும். ஏர்கோன் அறைக்கு 1 வாட் சரி, ஆனால் அதை இரண்டாகப் பிரியுங்கள்: 100 லிட்டருக்கு இரண்டு 50 வாட். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் வேகம் பாதி. ஒன்று அணைந்தாலும் மற்றது தாங்கும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். மீன் விடுவதற்கு முன், திருகை உச்சத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். ஹீட்டர் கெட்டால் உங்கள் தொட்டி எவ்வளவு சூடேறக்கூடும் என்பது அதில் தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நீர் 32-ஐத் தாண்டினால், அந்த ஹீட்டர் உங்கள் தொட்டிக்குப் பெரிது.

மின்சாரம்

இணையத்தில் வாங்கும் மலிவு ஹீட்டர்கள் பல இரட்டை ஊசி பிளக்கோடு வருகின்றன. மூன்று துளை சாக்கெட்டின் மேல்துளையில் பேனா மூடியைக் குத்தித் திறந்து அதைச் செருகுவதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் கருவிக்கு அதைச் செய்யாதீர்கள். சிரிம் தர முத்திரையுள்ள அடாப்டர் வாங்குங்கள். வயர், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொய்வு விட்டு மேலேறட்டும். வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். மின்பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் 100 மில்லி ஆம்பியராக இருந்தால், தொட்டி இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட உரிமம் பெற்ற வயர்மேனிடம் கேளுங்கள். கையை நீரில் விடும் முன் சுவரில் சுவிட்சை அணையுங்கள். நீர் மாற்றப் போவதானால், அணைத்த பின் 15 நிமிடம் ஆறவும் விடுங்கள்.

என் தெரிவு

சாதாரண அறையில் கப்பியும் ஏஞ்சலும் வளர்ப்பவர் ஹீட்டரே வாங்க வேண்டாம். டிஸ்கஸ் வளர்ப்பவர் தரமான இரண்டு சிறு கண்ணாடி ஹீட்டர்களும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கட்டும். அரோவானாவுக்கு டைட்டானியமும் கருவியும். பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், விலையுயர்ந்த ஹீட்டரைவிட மலிவான ஹீட்டரோடு நல்ல கருவியே மேல்.

எல்லாவற்றையும் மீறிச் சூடேறிவிட்டால், முதலில் சுவிட்சை அணையுங்கள். காற்றுக் கல்லை முழு வேகத்தில் விடுங்கள். சூடான நீரில் பிராணவாயு குறைவு. உறையவைத்த தண்ணீர் போத்தலை மூடியோடு மிதக்கவிட்டு, நீரை மெல்ல இறக்குங்கள்.

என் தொட்டியில் இப்போது இரண்டு 50 வாட் ஹீட்டர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் வெப்பமானியை எட்ட நின்றே படிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். படுக்கப் போகும் முன் அதைப் பார்க்காமல் விளக்கை அணைப்பதில்லை. பிழைத்த அந்த இரண்டு டிஸ்கஸும் இன்று உள்ளங்கை அகலம் வளர்ந்துவிட்டன.