கரிசலில் எதைப் போட்டாலும் விளையுமா?

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் எந்தப் பயிரும் வந்துவிடும் என்ற நம்பிக்கை கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இன்றும் பலமாக இருக்கிறது. ஈரம் பிடிப்பது உண்மை. ஆனால் பிடித்த ஈரம் முழுவதையும் களிமண் பயிருக்குக் கொடுப்பதில்லை. கரிசலில் பயிர் வாடி நிற்கும்போதும் மண்ணுக்குள் கணிசமான நீர் இருக்கும். அதை வேர் உறிஞ்ச முடியாது. மழை நின்றால் நிலம் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே அடியீரமும் ஆவியாகிறது, வேர்களும் அறுகின்றன. கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் கோவில்பட்டி என்பதால் இந்த மண்ணுக்கு நிலக்கடலை தோதான பயிர் என்று நினைப்பவர்களும் உண்டு. கடலையின் விழுது இறங்கவும் காய் பெருக்கவும் பொலபொலப்பான மண் வேண்டும். அது செவல் நிலத்துப் பயிர். இறுகிய கரிசலில் செடியைப் பிடுங்கினால் காய் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

இங்கே ஆண்டு மழை 700 மி.மீ. அளவில்தான், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. மார்கழிக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. ஆகவே பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஈரம் நிற்கும் நாட்கள். விலை அதற்குப் பிறகுதான். உளுந்தும் பாசிப்பயறும் ஏறத்தாழ 70 நாளில் வீடு வந்து சேரும், கம்பு 90 நாளுக்குள். புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் புழுதி விதைப்பாகப் போட்டால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல் நல்ல மழைக்கு முளைக்கும். முதல் மழையின் ஈரமும் வீணாகாது. அப்படியானால் நீண்ட நாள் பயிரான பருத்தி இங்கே எப்படி நிலைத்தது என்று கேட்கலாம். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். நாள் கூடினால் வேரும் ஆழமாக இறங்க வேண்டும் என்பதே கணக்கு.

மக்காச்சோளத்துக்குக் கோழித்தீவன வியாபாரம் இருக்கிறதே என்பது நியாயமான கேள்விதான். நல்ல மழை வருஷத்தில் அது காசு தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பூட்டை தள்ளும் நேரத்தில் ஈரம் குறைந்தால் கதிரில் மணி பிடிக்காது. நாட்டுச் சோளமோ வறட்சியில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடுத்த மழைக்கு மறுபடி எழும். 2018இல் படைப்புழு வந்து புகுந்தபோது, காடு முழுக்க மக்காச்சோளம் மட்டும் போட்டவர்களுக்குக் கைகொடுக்க வேறு பயிர் இல்லை. போர் போட்டால் தீராதா என்றால், பல இடங்களில் ஊறுவது உப்புத் தண்ணீர். அது களிமண்ணை இன்னும் கெடுக்கும். அதைவிடப் பண்ணைக்குட்டை மேல். கரிசலில் தண்ணீர் அவ்வளவாகக் கீழே இறங்காது, குட்டையில் நிற்கும். காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சினாலே விளைச்சல் தப்பிக்கும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணுக்காகவே வேலை செய்கிறது. விதைக் கடைக்குப் போகும் முன் அங்கே ஒருமுறை போய்க் கேளுங்கள்.