நாள் தள்ளியாச்சு, வேலையும் மாறப் போறீங்களா?

ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. குடும்பத்தோடு கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று உள்ளூரிலேயே ஒரு வேலை பேசி வைத்திருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து, ஆடிப்பூரத் தேர் ஓடும் வாரத்தில், கார்டில் இரண்டு கோடு! சந்தோஷம்தான். ஆனால் இப்போ வேலை மாறலாமா?

மாறலாம். கணக்குப் போட்டு மாறணும், அவ்வளவுதான்.

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளியது தெரியும்போதே 4 வாரம் முடிந்திருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் 6ஆவது வாரத்திலேயே மூடிவிடும். அதனால் போலிக் ஆசிட் மாத்திரையை "ஸ்கேன் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்" என்று தள்ளிப்போடாதீங்க. உடனே போய்க் கேட்டு வாங்குங்க.

6 முதல் 9ஆவது வாரம் வரை மசக்கை படுத்தும். பஞ்சுத் தூசி, மெஷின் எண்ணெய் வாசம் எல்லாமே குமட்டும். "வேலையே வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கத் தோன்றுவதும் இப்போதுதான். பெரும்பாலானவர்களுக்கு 14ஆவது வாரம் வாக்கில் இது தணிந்துவிடும். எழுதிக் கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். முடியாத நாளில் லீவு போடுங்க. அடுத்த வேலைக்கான ஆர்டர் கையில் வந்த பிறகு எழுதுங்க.

இனி பணம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், பழைய மில்லில் வேலை பார்த்த நாள்கள் வீணாகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இஎஸ்ஐயில் ஆண்டுக்கு இரண்டு சந்தா காலம். மார்ச்சில் பிரசவம் என்றால், முந்தைய செப்டம்பரில் முடிந்த சந்தா காலத்தையும் அதற்கு முந்தையதையும் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் போதும். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை மில்லுக்கு ஒழுங்காகப் போயிருந்தாலே அது நிறைந்திருக்கும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். கரு கலைந்துபோனாலும் 6 வாரம் உண்டு. இதைப் பலரும் கேட்பதே இல்லை.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் காலை வாரும். புது இடத்தில் உங்களுக்குப் புதிதாக ஒரு இஎஸ்ஐ எண் போட்டுவிட்டால் பழைய நாள்கள் வேறு எண்ணில் கிடக்கும். சேரும் அன்றே பழைய 10 இலக்க எண்ணைக் கொடுத்து, இதிலேயே தொடரச் சொல்லுங்க.

இஎஸ்ஐ இல்லாத, 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் கணக்கே வேறு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடமே 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய மில் நாள்கள் சேராது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம் சொன்ன இதே 80 நாள்தான் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. வாரத்துக்கு 6 நாள் என்றால் சுமார் 14 வாரம். 10ஆவது வாரத்தில் சேர்ந்தால் 24ஆவது வாரத்தில் முடிந்துவிடும். 20 வாரம் தாண்டிச் சேர்ந்தால் நெருக்கடிதான். லீவு விழுந்தால் இன்னும் இழுக்கும்.

எந்த வேலையில் இருந்தாலும் 12 வாரத்துக்குள் பிக்மி பதிவை முடித்துவிடுங்க. போனிலேயே பிக்மி இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். இல்லையென்றால் உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் போதும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கும் (14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக), பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் அதே எண்தான்.

ரத்தப்போக்கோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலியோ வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. சந்தேகம் மட்டும் கேட்க 104 இருக்கிறது.