ஃபோன் காட்டுற கிலோமீட்டரை நம்பி லீவு போடாதீங்க

லட்சத்தீவு அகத்தியையும் அந்தமானையும் ஒரே லீவுல பார்த்துடலாம்னு கணக்குப் போடுற தங்கச்சிகளா, கொஞ்சம் நில்லுங்க. அகத்திக்கும் அந்தமான்ல இருக்கிற போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டுல சுமார் 2,240 கி.மீ. ஜெட்டுல மூணு மணி நேரம்னு ஃபோன் சொல்லும். அப்படி ஒரு நேரடி விமானமே கிடையாது!

1. உண்மையான வழி அகத்தி, கொச்சி, சென்னை, போர்ட் பிளேர். கூட்டிப் பாருங்க, சுமார் 2,360 கி.மீ. சுத்திப் போறதுல 120 கி.மீ.தான் கூடுது. பறக்குற நேரம் மட்டும் அஞ்சு மணி நேரம் பக்கம் வரும். மிச்சமெல்லாம் காத்துக் கிடக்கிறது. அதனால தூரத்தைப் பார்க்காதீங்க, எத்தனை விமானம் மாறணும்னு பாருங்க. சென்னையில ஒரு ராத்திரி தங்குற மாதிரியே திட்டம் போடுங்க.

2. மூணு டிக்கெட்டைத் தனித்தனியா, மலிவா இருக்குன்னு வாங்காதீங்க. முதல் விமானம் தாமதமானா அடுத்த கம்பெனிக்காரன் "எங்களுக்கென்ன"ன்னு கையை விரிச்சிடுவான். முடிஞ்சா ஒரே பி.என்.ஆர்.ல போடுங்க. முடியலையா, நடுவுல தாராளமா நேரம் விடுங்க.

3. கொச்சி–அகத்தி சுமார் 460 கி.மீ.தான், ஆனா ஒன்றரை மணி நேரம் ஆகும். அகத்தி ஓடுதளம் 1,200 மீட்டர் சொச்சம், பெரிய ஜெட் இறங்காது. விசிறி வச்ச ஏ.டி.ஆர். விமானம்தான். சின்ன விமானம், சீட்டும் கம்மி. கடைசி நேரத்துல தேடினா கிடைக்காது.

4. லட்சத்தீவுக்கு நம்ம நாட்டுக்காரங்களுக்கும் அனுமதிச் சீட்டு வேணும். அது கைக்கு வராம டிக்கெட் போடுறது, பொண்ணு பார்க்காம மண்டபம் பிடிக்கிற கதை. போர்ட் பிளேருக்கு இந்தத் தொல்லை இல்லை.

5. ரெண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்தான். ஆனா போர்ட் பிளேர்ல சூரியன் அகத்தியை விட ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல முன்னாடியே அடைஞ்சிடும். சாயங்காலம் இறங்கி கடற்கரை பார்க்கலாம்னு நினைக்காதீங்க, இருட்டிடும். காலை விமானத்தையே பிடிங்க.

6. டி.கல்லுப்பட்டிப் பக்கத்து நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கணக்கு. மதுரை ஏர்போர்ட்டுக்குப் போறவங்க டி.கல்லுப்பட்டி வழியா திருமங்கலம் வந்து, கப்பலூர் ரிங் ரோட்டைப் பிடிங்க. மதுரைக்குள்ள பெரியார் பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற வேலை வேண்டாம். ரயில்ல கொச்சி போறவங்க, பாலக்காடு வழியா போற அமிர்தா எக்ஸ்பிரஸ்ல ஏறி ஆலுவாவுலயே இறங்கிடுங்க. நெடும்பாசேரியில இருக்கிற கொச்சி ஏர்போர்ட் அங்கிருந்துதான் பக்கம். எர்ணாகுளம் போயிட்டா அதே வழியில திரும்பி வரணும்.

7. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அகத்திப் பக்கம் பருவமழை, விமானம் தள்ளிப் போகலாம். திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ்னு வச்சுக்காதீங்க. ஒரு நாள் கூடுதலா லீவு சொல்லிட்டே கிளம்புங்க.